பழைய 2ஜி செட், 3ஜி செட், ஆரம்ப கால 4ஜி, புது பட்டன் போன்: பேசுவதற்கு எதை எடுப்பது?

பேசுவதற்கு மட்டும் ஒரு போன் போதும் என்று நினைப்பவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். வயதான அப்பாவுக்கு, வண்டியில் அவசரத்துக்கு வைத்துக்கொள்ள, இல்லை தொடுதிரையிலிருந்து கொஞ்ச நாள் தப்பிக்க. உடனே ஞாபகத்துக்கு வருவது அலமாரியில் கிடக்கும் பழைய செட்தான். பேட்டரி மாற்றினால் ஓடிவிடும் என்று நம்புகிறோம். ஓடும்தான், திரை ஒளிரும், ரிங்டோன் அடிக்கும். ஆனால் அதிலிருந்து கால் போகுமா, வருமா என்பதை டவர், சிம், செட் மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

கையில் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும். 2000ஐ ஒட்டி வந்த 2ஜி செட். 2005க்குப் பிறகு வந்த 3ஜி செட். முதன்முதலில் 4ஜி என்று சொல்லி வந்த தொடுதிரை போன். கடைசியாக, இன்று புதிதாகக் கிடைக்கும் 4ஜி பட்டன் போன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு ஓரத்தில் இருப்பவை தேறும், நடுவில் இருக்கும் இரண்டும் தேறாது. வயதில் புதியது என்பதால் 3ஜி செட்டோ முதல் 4ஜி போனோ பாதுகாப்பான தேர்வு என்று தோன்றும். பேசும் விஷயத்தில் நிலைமை அப்படி இல்லை.

முதலில் டவர்

போனைத் தேடுவதற்கு முன்னால், நீங்கள் இருக்கும் இடத்தில் எந்தத் தலைமுறை உயிரோடு இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இது நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறுகிறது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தன் 2ஜியை 2017 தொடக்கத்திலேயே மூடிவிட்டது. 2007ல் வந்த முதல் ஐபோன் அந்த நெட்வொர்க்கில் அன்றோடு சரி. அதே நிறுவனத்தின் 3ஜியும் 2022 பிப்ரவரியில் போனது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரில் 2ஜியையும் 2024 அக்டோபரில் 3ஜியையும் நிறுத்தியது. ஜப்பானில் ஜிஎஸ்எம் என்ற, நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் உள்ள 2ஜி முறை எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. அவர்களுடைய 2ஜி முறை வேறு.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி. ஜெர்மனியில் 2021லேயே 3ஜியை மூடிவிட்டார்கள், 2ஜியை விட்டுவைத்தார்கள். காரணம் பழைய போன்கள் மீதான பாசம் இல்லை. மின் மீட்டர், லிஃப்ட் அலாரம், கார்களில் விபத்து நேர்ந்தால் தானாக அழைக்கும் இகால் கருவி எல்லாம் 2ஜியை நம்பி இருந்தன. 2018 ஏப்ரலிலிருந்து அங்கே புதிய கார் மாடல்களுக்கு இகால் கட்டாயம். அந்தக் கார்கள் ஓடும் வரை டவரை அணைப்பது சிரமம். பிரிட்டனில் 2033க்குள் 2ஜியையும் 3ஜியையும் மூடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதலில் போனது 3ஜிதான். இந்தியாவில் ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. 2016ல் வந்த ஜியோவோ தொடக்கத்திலிருந்தே 4ஜி மட்டும். அந்த சிம்மை 2ஜி செட்டில் போட்டால் டவரே காட்டாது.

ஆக, பல இடங்களில் 2ஜி தாத்தா இருக்கிறார், 3ஜி அப்பா போய்விட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

2ஜி செட்

2ஜிக்கு நம்பகமானது என்ற பெயர் சும்மா வரவில்லை. 900 மெகாஹெர்ட்ஸில் கைப்பேசி உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பும். 1800ல் 1 வாட். கார்களில் பொருத்திய பழைய செட்டுகள் 8 வாட் வரைகூடப் போயின. குறைந்த அலைவரிசை சுவர்களைத் தாண்டி உள்ளே வரும், தூரமும் போகும். ஒரு டவரிலிருந்து சாதாரண ஜிஎஸ்எம் அமைப்பில் எட்டக்கூடிய அதிகபட்ச தூரம் சுமார் 35 கிலோமீட்டர். அந்த வரம்புக்குக்கூட சக்தி காரணமில்லை, நேரக் கணக்குதான். ஒவ்வொரு போனுக்கும் ஒரு சிறு நேரத்துண்டு ஒதுக்கப்படுகிறது. அதைத் தாண்டிய தூரத்திலிருந்து வரும் அலை பக்கத்துத் துண்டுக்குள் விழுந்துவிடும். பழைய ரேடியோ பெட்டி பக்கத்தில் போனை வைத்தால் கால் வருவதற்கு ஒரு நொடி முன்னால் 'டிட்டிடி டிட்டிடி' என்று ஒரு சத்தம் வருமே, அது இந்தத் துண்டுதுண்டான துடிப்புதான். நொடிக்கு 217 முறை.

கால் இணைந்துவிட்டால் அந்தத் துண்டு உங்களுக்கே. பக்கத்தில் ஆயிரம் பேர் வீடியோ பார்த்தாலும் அதை யாரும் பிடுங்க முடியாது. 2ஜியின் பலம் இதுதான். பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது: துண்டு கிடைக்காவிட்டால் காலே போகாது.

இன்றைய 2ஜியில் இது அடிக்கடி நடக்கும். நிறுவனங்கள் 900, 1800 அலைவரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 4ஜிக்குக் கொடுத்துவிட்டன. 2ஜிக்கு மிச்சம் இருப்பது ஒல்லியான ஒரு கீற்று. செட்டில் சிக்னல் கோடு முழுசாக இருக்கும், டயல் செய்தால் 'நெட்வொர்க் பிஸி'. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கோடுகள் அளப்பது டவர் இடைவிடாமல் ஒலிபரப்பும் ஒரு சேனலின் பலத்தை மட்டும். காலியான துண்டு இருக்கிறதா என்பதை அல்ல. பஸ் ஸ்டாண்டில் விளக்கு நன்றாக எரிகிறது என்பதால் பஸ்ஸில் சீட் இருக்கிறது என்று ஆகிவிடுமா? தவிர, எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு என்று பொது விதியும் கிடையாது. ஒரு கம்பெனி செட்டின் நான்கு கோடும் இன்னொன்றின் இரண்டு கோடும் ஒரே சிக்னலாக இருக்கலாம்.

குரல் தரத்திலும் நெரிசல் தெரியும். தொடக்க கால ஜிஎஸ்எம்மில் குரலுக்கு நொடிக்கு 13 கிலோபிட் கொடுத்தார்கள். பிறகு ஒரே துண்டில் இரண்டு பேரை உட்கார வைக்க 5.6 கிலோபிட் 'ஹாஃப் ரேட்' வந்தது. கூட்டம் அதிகமானால் டவர் உங்களை அதற்குத் தள்ளிவிடும். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். அதற்குப் பிறகு வந்த மேம்பட்ட முறை 12.2 கிலோபிட்தான், ஆனால் கேட்க எவ்வளவோ மேல். பழைய நோக்கியாக்களில் *3370# அடித்து அதை வலுக்கட்டாயமாக இயக்குவது அந்தக் காலத்துக் கைவைத்தியம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும் என்று சொல்லிக்கொள்வார்கள். டவர் ஒத்துழைத்தால்தான் அதுவும் பலிக்கும்.

சரி, எந்த 2ஜி செட்? பேண்டு, அதாவது செட் எந்தெந்த அலைவரிசையைப் பிடிக்கும் என்பதுதான் முதல் கேள்வி. 1992ல் வந்த நோக்கியா 1011க்கு 900 மட்டும் தெரியும். 2000ல் வந்த 3310, 2003ல் வந்த 1100 இரண்டும் பொதுவாக 900, 1800. அமெரிக்க கண்டத்தில் புழங்கியது 850ம் 1900ம். அதனால் அங்கிருந்து வந்த அதே தோற்றமுள்ள செட் இங்கே வெறும் பொம்மை, இங்கிருந்து போனதும் அங்கே அப்படியே. 1100லேயே இரண்டு வகையும் உண்டு. மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது, பேட்டரியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண்ணைப் படிக்க வேண்டும். மோட்டோரோலா ரேசர் வி3 மாதிரி நான்கு பேண்டும் உள்ள செட் கிடைத்தால் அதை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். 2017ல் 3310க்கு மறுபிறவி கொடுத்தபோதுகூட முதலில் வந்தது 900, 1800 மட்டும் உள்ள 2ஜி வடிவம்தான். 2ஜி இல்லாத நாடுகளில் அதை வைத்து என்ன செய்வது? அதே ஆண்டிலேயே 3ஜி வடிவத்தையும் கொண்டுவர வேண்டியதாயிற்று.

சிம் சிக்கல், அளவைத் தாண்டி

சிம் என்றதும் எல்லாரும் அளவைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். அது சின்ன விஷயம். ஆரம்பத்தில் ஏடிஎம் கார்டு அளவில் இருந்தது, பிறகு 25க்கு 15 மில்லிமீட்டர், பிறகு மைக்ரோ, நானோ. தொடர்புப் புள்ளிகள் இருக்கும் தங்கநிறத் தகடு எல்லாவற்றிலும் அதே வேலையைத்தான் செய்கிறது; சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் குறைந்தது. நானோ மட்டும் தடிமனிலும் மெலிசு: 0.76க்குப் பதில் 0.67 மில்லிமீட்டர். சின்ன சிம்மைப் பெரிய அளவாக்கும் பிளாஸ்டிக் சட்டமான அடாப்டரில் வைத்தால் லேசாக ஆடும். சில செட்டில் 'சிம்மைச் செருகவும்' என்று விட்டு விட்டு வரும். பின்பக்கம் ஒரு சிறு துண்டு செலோடேப் ஒட்டினால் நின்றுவிடும்.

அடாப்டரில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. நானோ இல்லாத வெறும் சட்டத்தை உள்ளே தள்ளாதீர்கள். சிம் தாங்கியில் இருக்கும் ஆறு குட்டி ஸ்பிரிங் கம்பிகள் அந்த ஓட்டைக்குள் எழும்பி நிற்கும்; சட்டத்தை வெளியே இழுக்கும்போது கொக்கி மாதிரி மாட்டி வளைந்துவிடும். நல்ல செட்டுகள் பல இப்படித்தான் செத்திருக்கின்றன. புதுசாக சிம் வாங்குவதானால் மூன்று அளவுக்கும் வெட்டுக்கோடு போட்ட கார்டாக வாங்கி, பெரிய அளவிலேயே உடைத்துப் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும்விட மேல்.

உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, வோல்ட். முதல் தலைமுறை சிம்கள் 5 வோல்ட்டில் ஓடின. பிறகு 3 வோல்ட், அப்புறம் 1.8. இன்றைய கார்டு இவற்றில் அடுத்தடுத்த இரண்டையாவது தாங்க வேண்டும் என்பது விதி. அதாவது 3ம் 1.8ம் மட்டும் தெரிந்த கார்டு முழுக்க விதிப்படி சரியான கார்டு. அதை 5 வோல்ட் மட்டுமே கொடுக்கத் தெரிந்த தொண்ணூறுகளின் தொடக்கச் செட்டில் போட்டால் வேலை செய்யாது. மறுபக்கமும் உண்டு: 5 வோல்ட் மட்டும் அறிந்த பழைய கார்டை இன்றைய போன் எழுப்பவே எழுப்பாது. 3310, 1100 காலத்துச் செட்டுகள் 3 வோல்ட் கொடுக்கும் என்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அதற்கு முந்தியவற்றோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே, சேகரிப்புக்கு இல்லாமல் பேசுவதற்கென்றால் 2000க்கு முந்திய செட்டை எடுக்காதீர்கள் என்பேன்.

இரண்டாவது, கார்டுக்குள் இருக்கும் மென்பொருள். இன்று கிடைக்கும் கார்டில் இருப்பது யூசிம் என்ற 3ஜி, 4ஜி காலத்துச் செயலி. 2ஜி செட்டுக்கு அந்த பாஷை தெரியாது; அது பழைய சிம் கட்டளைகளைத்தான் அனுப்பும். அதனால் நிறுவனங்கள் ஒரே கார்டில் பழைய 2ஜி செயலியையும் சேர்த்து வைப்பது வழக்கம். 2ஜியை மூடிவிட்ட நிறுவனத்துக்கு அதைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. அப்படி ஒரு கார்டைப் பழைய செட்டில் போட்டால் 'சிம் ஏற்கப்படவில்லை' என்று வரும். லாக் விழுந்த, அதாவது விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டிய செட் காட்டும் செய்தியும் கிட்டத்தட்ட இதேதான்; அங்கேதான் குழப்பம்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க வழி எளிது. செட்டை விற்றது அல்லாத வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது ஏறினால் முதல் கார்டில்தான் கோளாறு. எதுவுமே ஏறாமல், செட்டை முதலில் விற்ற நிறுவனத்தின் சிம் மட்டும் ஏறினால் அது லாக். அன்லாக் செய்ய *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ என்ற செட்டின் அடையாள எண்ணைக் கொடுத்துக் குறியீடு வாங்க வேண்டும். குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டாம். சில தவறுகளுக்குப் பிறகு செட் நிரந்தரமாக இறுகிவிடும். சிம்மின் பின் எண்ணும் அப்படித்தான்: மூன்று தவறானால் பக் (PUK) என்ற திறப்பு எண்ணைக் கேட்கும், அது பத்து தவறானால் கார்டையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

நடுவில் இருக்கும் இரண்டு

3ஜி செட்டின் குரல் 2ஜியைவிட நன்றாக இருந்தது உண்மை. ஆனால் 3ஜியில் எல்லாப் போன்களும் ஒரே அலைவரிசையில் ஒன்றாகப் பேசுகின்றன. ஆள் கூடக்கூட டவரின் எல்லை உள்வாங்கும். காலையில் சிக்னல் இருந்த ஜன்னலோரத்தில் மாலையில் இருக்காது. போதாக்குறைக்குத் தொடக்கத்தில் பல நாடுகளில் 3ஜியை 2100 மெகாஹெர்ட்ஸில் போட்டார்கள், அது சுவருக்குள் நுழையச் சோம்பேறி. 3ஜிக்கும் 2ஜிக்கும் மாறி மாறித் தாவுவதிலேயே பேட்டரி தீர்ந்துபோகும்.

இன்றைய நிலை இன்னும் எளிது: 3ஜி மூடிய, 2ஜி இருக்கும் இடத்தில் இந்தச் செட் தன் 2ஜி ரேடியோவை வைத்துத்தான் பேசும். 2007ன் நோக்கியா என்95 அப்படி ஓடும், ஏனென்றால் அதில் 2ஜிக்கு நான்கு பேண்டும் உண்டு. ஆனால் அப்போது அது கனமான, பேட்டரி சீக்கிரம் தீரும் ஒரு 2ஜி செட், அவ்வளவுதான். இரண்டுமே மூடிய இடத்தில் காகிதம் பறக்காமல் வைக்கலாம். 3ஜி மட்டும் மிஞ்சியிருக்கும் இடங்களில்தான் இதற்கு மதிப்பு. அவை வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன.

முதல் 4ஜி போன்கள் இதைவிட ஏமாற்றுக்காரர்கள். 4ஜியில் குரலுக்கென்று தனிச் சுற்று கிடையாது, எல்லாம் டேட்டா. குரலை அதன் மேல் அனுப்பும் வோல்ட்டி (VoLTE) பிறகுதான் பரவியது. அதுவரை போன்கள் ஒரு தந்திரம் செய்தன: கால் வந்ததும் 4ஜியை விட்டுவிட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசுவது. ஐபோன் 5ம் 5எஸ்ஸும் இந்த ரகம். ஐபோனில் வோல்ட்டி வந்தது 2014ன் ஐபோன் 6லிருந்து. இறங்க வேண்டிய படிக்கட்டையே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மேலே 4ஜி என்று காட்டும், இணையம் பறக்கும், கூப்பிட்டால் கட்டாகும். நெட் ஓடுகிறதே என்று பார்ப்பவர் போன் நன்றாக இருப்பதாகவே நினைப்பார். யாராவது கூப்பிட்டுக் கிடைக்காமல் திட்டும்போதுதான் விஷயம் தெரியவரும். 2ஜி செட்டாவது டவர் இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடும்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் நுட்பமான ஒன்று வெளிப்பட்டது. சில போன்கள் சாதாரணக் கால்களை வோல்ட்டியில் பேசும், ஆனால் அவசர எண்ணை அழைக்கும்போது மட்டும் 3ஜியைத் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தன. 3ஜியை மூடும்போது இப்படிப்பட்ட போன்களை நெட்வொர்க்கிலேயே விடக்கூடாது என்று அங்கே விதி போட்டார்கள். வண்டியில் அவசரத்துக்கு வைக்க எடுக்கும் போன் அந்த அவசரத்தில்தான் கைவிடும் என்றால் அதை வைத்து என்ன பயன்?

ஜிஎஸ்எம்முக்குப் போட்டியாக இருந்த சிடிஎம்ஏ முறையின் செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பெரும்பாலானவற்றில் எண் செட்டோடு கட்டப்பட்டது, கார்டு போடும் வகைகள் சில நாடுகளில் மட்டுமே. அமெரிக்காவில் வெரைசன் அதை 2022 முடிவோடு நிறுத்தியது. பேசுவதற்கு ஆகாது.

புது 4ஜி பட்டன் போன்

இதன் குரல் தரம் பலரை ஆச்சரியப்படுத்தும். பழைய போன் குரலில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் வரும். வோல்ட்டியில் பரவலாக இருக்கும் அகன்ற குரல் முறை 7000 ஹெர்ட்ஸ் வரை எடுத்து வரும். 'ஸ்', 'ஃப்' மாதிரி ஒலிகளுக்குள்ள வித்தியாசம் காது மந்தமானவர்களுக்கு இதில் தெளிவாகக் கேட்கும். நெரிசலிலும் குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை உண்டு, எனவே பக்கத்து வீட்டு வீடியோ உங்கள் பேச்சை விழுங்காது.

பெட்டியில் 4ஜி என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வோல்ட்டி உண்டா, அது உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இயங்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செட்டில் வோல்ட்டி இருந்தும், இங்குள்ள நெட்வொர்க்கின் அமைப்பு அதற்குள் இல்லாததால் இயங்காமல் போவது சகஜம். அடுத்தது பேண்டு. மலிவுப் பட்டன் போன்கள் சிலவற்றில் 700, 800, 900 மாதிரியான குறைந்த அலைவரிசைகளை விட்டுவிடுகிறார்கள். ஊரின் நடுவில் தெரியாது. கட்டடத்தின் உள்ளறையிலும் ஊரைத் தாண்டிய சாலையிலும் தெரியும். முடிந்தால் 2ஜியும் சேர்ந்த மாடலாக எடுங்கள். 4ஜி எட்டாத மூலையில் அது கைகொடுக்கும்.

பேட்டரியில் இது பழைய செட்டிடம் தோற்கும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மென்பொருளும் பல மாடல்களில் மந்தம். எண் தேட ஒரு யுகம் ஆகும்.

வாங்கிய பிறகு, எண்ணை மாற்றும் முன்

எதை எடுத்தாலும் முக்கிய எண்ணை உடனே அதற்குள் போட்டுவிடாதீர்கள். அதே நிறுவனத்தின் வேறொரு சிம்மைப் போட்டு முதலில் கையால் நெட்வொர்க் தேட விடுங்கள். பட்டியலில் உங்கள் நிறுவனத்தின் பெயர் வந்தால்தான் பேண்டு பொருந்துகிறது என்று அர்த்தம். அடுத்து ஒரு கால் போட்டு ஐந்து நிமிடம் நடந்துகொண்டே பேசுங்கள். அப்புறம் போனைத் தொடாமல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள். பல பழைய செட்டுகள் வரும் காலுக்கான இந்தச் சோதனையில்தான் விழும்: வெளியே போகும் கால் போகும், வரும் கால் வராது, கூப்பிட்டவருக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று கேட்கும். எஸ்எம்எஸ் இரண்டு பக்கமும் போகிறதா பாருங்கள். ஓடிபி வருவது அதை நம்பித்தான். இதையெல்லாம் வீட்டின் உள்ளறையில் ஒரு தடவை, மாலை ஏழு எட்டு மணி நெரிசல் நேரத்தில் ஒரு தடவை செய்தால் போதும். அவசர எண்ணை மட்டும் சோதனைக்காக அழைக்காதீர்கள்.

அப்பாவுக்கு என்றால் இதில் தேறிய 4ஜி பட்டன் போன். 2ஜி இன்னும் சில வருடம் இருக்கும் என்று தெரிந்த இடத்தில், ஒரு வாரம் சார்ஜ் போடாமல் பையில் கிடக்க வேண்டும் என்றால் 1100 மாதிரி ஒரு 2ஜி செட். அதன் பிஎல்-5சி பேட்டரி இன்னும் புதிதாகக் கிடைக்கிறது என்பது பெரிய வசதி. வண்டியில் வைப்பதானால் மாதம் ஒரு முறை எடுத்து ஒரு கால் போடுங்கள். ரொம்ப நாள் பேசாமல் கிடக்கும் சிம்மை நிறுவனமே அணைத்துவிடும், அப்புறம் செட் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.